ஒயினில் கொய்யா வாசம் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மதுரையிலிருந்து வேலைக்காக டர்பன் வந்தவன் நான். அலுவலகத்தில் விருந்து என்றால் ஒயின் இல்லாமல் இருக்காது. கூட இருப்பவர்கள் முகர்ந்துவிட்டு பிளாக்பெர்ரி, செர்ரி, புகையிலை என்கிறார்கள். எனக்குப் புளிப்பும் துவர்ப்பும்தான் தெரிகிறது. விலை கூடியதை வாங்கிப் பார்த்தேன், அதே கதைதான். இதெல்லாம் பாவனையா? நம்முடைய காரச் சாப்பாட்டோடு ஒயின் சேருமா? சேரும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

க., டர்பன்

அன்புள்ள க.,

பாவனை இல்லை. ஆனால் அவர்கள் சொல்லும் பழங்களை நீங்கள் தேடவேண்டியதில்லை. பிளாக்பெர்ரி தின்று வளராத மூக்குக்கு அது எப்படிப் பிடிபடும்? நீங்கள் கொய்யா தின்று வளர்ந்தவர். அதனால் செனின் பிளாங் என்ற வெள்ளை ஒயினில் தொடங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் மிக அதிகமாகப் பயிராகும் ஒயின் திராட்சை அதுதான். பழைய ஆட்கள் ஸ்டீன் என்பார்கள். விலையும் கையைக் கடிக்காது. சமீபத்திய ஆண்டின் பாட்டில் ஒன்றை வாங்கிக் குளிரவையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாதீர்கள், அதிகக் குளிரில் வாசம் எழாது. கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, ஒரு சுற்று சுற்றி முகர்ந்து பாருங்கள். பழுக்க வைத்த கொய்யா மறுநாள் காலையில் அடுக்களை முழுக்க மணக்குமே, அந்த வாசம் பல பாட்டில்களில் அப்படியே வரும். ஒருமுறை அது பிடிபட்டுவிட்டால் அப்புறம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அடுத்தது சிராஸ் என்ற சிவப்பு ஒயின். சற்றுக் குளிரான பகுதியில் விளைந்ததாகக் கேட்டு வாங்குங்கள். அதில் மிளகு மணக்கும். கற்பனை இல்லை. மிளகுக்கு அதன் நெடியைத் தரும் ரொட்டண்டோன் என்ற சேர்மம் சிராஸ் திராட்சையின் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் தெரியவே தெரியாது. உங்களுக்கும் தெரியவில்லை என்றால் மூக்கைக் குறை சொல்லாதீர்கள்.

காரத்துக்கு வருகிறேன். டர்பன் ஆட்டுக்கறியோடு துவர்ப்பான கேபர்னே சாவிஞான் என்ற சிவப்பு ஒயினை வைத்தால் இரண்டும் கெடும். துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும். அங்கே லேசான தித்திப்புள்ள செனின், இல்லையென்றால் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினைக் குளிரவைத்து. புளி சேர்ந்த குழம்புக்கு நல்ல புளிப்புள்ள ஒயின் வேண்டும், மற்றவை சப்பென்று போய்விடும்.

இனி என் மனசுக்கு மிக நெருக்கமான விஷயம். கடையில் பாட்டில்களின் கழுத்தைப் பாருங்கள். சிலவற்றில் ஒரு சிறிய முத்திரை ஒட்டி, அதில் ஒரு ஆண்டு அச்சிட்டிருக்கும். அது ஒயின் தயாரித்த ஆண்டு அல்ல, கொடி நட்ட ஆண்டு. 35 வயதோ அதற்கு மேலோ ஆன கொடிகளுக்கு, பழைய கொடிகளைக் காக்கும் ‘ஓல்டு வைன் புராஜெக்ட்’ அமைப்பு தரும் சான்று அது. கேப் டவுனுக்கு வடக்கே ஸ்வார்ட்லாந்தில் இந்தக் கிழட்டுக் கொடிகளைப் பார்க்கலாம். பந்தல் இல்லை, கம்பி இல்லை, பல இடங்களில் பாசனமும் இல்லை. முறுக்கிய கட்டையாக, இடுப்பு உயரம்கூட இல்லாமல் நிற்கும். காய்ப்பு குறைவு என்பதால் பிடுங்கி எறியப்பட்டவை ஏராளம். நல்ல விலை கிடைத்தால்தான் மிச்சம் நிற்கும்.

அந்த ஆண்டைப் பார்த்த ஒரே காரணத்துக்காக ஒரு செனினை வாங்கி, கேப் டவுனின் ரைலண்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டில் திறந்தோம். கொய்யாவைக் காணோம். தேன், காய்ந்த வைக்கோல், கடைசியில் நாக்கோரத்தில் உப்புக் கரிப்பு. விழுங்கிய பிறகும் சுவை நின்றுகொண்டே இருந்தது. மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தோம். மறுநாள் இன்னும் நன்றாக இருந்தது! சாதாரண ஒயின் பெரும்பாலும் மறுநாளே தொய்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கேப் டவுனைச் சுற்றிய கேப் பகுதியில் முதல் ஒயின் பிழிந்தது 1659-இல். அந்தத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளில் சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுவந்தவர்களும் உண்டு. அடிமை முறை போன பிறகும் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்த ‘டாப்’ முறை நெடுங்காலம் நீடித்தது. அதன் சேதம் பண்ணைக் குடும்பங்களில் இன்றும் தெரிகிறது. அதனால் நான் தொழிலாளர் நிலைமையைச் சோதித்துத் தரும் வியேட்டா முத்திரையையும் பார்த்தே வாங்குகிறேன். குடியால் வீடுகள் அழிவதைப் பார்த்த நமக்கு அளவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு பாட்டிலை நாலு பேர் பகிர்ந்தால் போதும்.

சரி, இந்தச் சனிக்கிழமை இரண்டு செனின் வாங்குங்கள், ஒன்று இளசு, ஒன்று கழுத்தில் ஆண்டு போட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, மாறி மாறிக் குடித்துப் பாருங்கள். எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று எழுதுங்கள். உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.