மாப்பிள்ளை சம்பளம் போதுமா? ஸ்பான்சர் படிவம் பற்றிக் கடலூரில் வந்த கேள்விகள்

நியூஜெர்சியில் பதினெட்டு வருடம் ஊரார் வருமான வரிக் கணக்கைப் போட்டுக்கொடுத்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூருக்குத் திரும்பி வந்தவள் நான். தை, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு யாராவது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பையில் பட்டா இருக்கும், வில்லங்கச் சான்று இருக்கும், நகை ரசீது இருக்கும். மாப்பிள்ளையின் வரிக் கணக்கு மட்டும் இருக்காது. வெளிநாட்டில் இருப்பவர் தன் மனைவியை அழைத்துக்கொள்ள, "இவரை நான் பார்த்துக்கொள்வேன், அதற்கு வருமானம் இருக்கிறது" என்று எழுதிக்கொடுப்பதுதான் ஸ்பான்சர் செய்வது. அமெரிக்காவில் அதற்கான படிவம் ஐ-864. போன ஞாயிறு மஞ்சக்குப்பத்தில் ஒரு மொட்டை மாடியில் இருபது பேர்போல் கூடினோம். கேட்டதையும் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அமெரிக்கத் தொகைகள் 2025-ஆம் ஆண்டு வறுமைக்கோட்டு அட்டவணையில் உள்ளவை. அந்த அட்டவணை ஆண்டுதோறும் மாறும். விண்ணப்பிக்கும்போது ஐ-864பி (I-864P) என்ற தாளில் அந்த ஆண்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம் அப்பா ஒருவர்: மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். டெக்சாஸில் வேலை, வருடம் 24,000 டாலர்தான் வருகிறது. பொண்ணுக்கு விசா கிடைக்குமா மேடம்? பண்ருட்டிப் பக்கம் எனக்கு நாலு ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது, அதைக் காட்டலாமா?

தோப்பு உங்களுடையது ஐயா. ஸ்பான்சர் செய்வது மாப்பிள்ளை. ஐ-864 படிவம் கேட்பது அவருடைய வருமானத்தை. அது போதாவிட்டால் அவருடைய சொத்து, அல்லது உங்கள் பெண்ணின் பெயரில் இருக்கும் சொத்து. மாமனார் சொத்துக்கு அதில் கட்டமே இல்லை.

கணக்கைப் பார்ப்போம். குடும்பத்தில் இரண்டே பேர் என்றால் வறுமைக்கோட்டுத் தொகை 21,150 டாலர். ஸ்பான்சருக்கு அதில் 125 சதவீதம் வேண்டும், அதாவது 26,437 டாலர். உங்கள் மாப்பிள்ளைக்கு 2,437 டாலர் குறைகிறது. குடிமகன் தன் மனைவிக்குப் போடும்போது, குறைகிற தொகையைப்போல் மூன்று மடங்கு சொத்து காட்டினால் போதும். 7,311 டாலர். நம் கணக்கில் ஆறரை லட்சம் ரூபாயை ஒட்டி வரும். அவர் கிரீன் கார்டுக்காரராக இருந்திருந்தால் ஐந்து மடங்கு கேட்டிருப்பார்கள்.

இதற்குத் தோப்பை எழுதிவைக்க வேண்டாம். நிலம் காட்டினால் மதிப்பீட்டாளர் அறிக்கை வேண்டும், ஒரு வருடத்துக்குள் விற்றுப் பணமாக்க முடியும் என்று காட்ட வேண்டும், அந்தப் பணம் நாட்டைவிட்டு வெளியே போகமுடியும் என்பதும் தெரிய வேண்டும். பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பை மட்டும் நீட்டினால் வேலைக்கு ஆகாது. பெண்ணின் பெயரில் பிக்சட் டெபாசிட் இருந்தால் அதுவே சுலபம். இன்றே போட்டுவிட்டு நாளைக்குக் காட்டாதீர்கள். வங்கிக் கணக்கு எப்போது தொடங்கியது, கடந்த 12 மாதத்தில் எவ்வளவு வரவு என்று கேட்பார்கள். திடீரென்று ஏழு லட்சம் விழுந்திருந்தால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வரும். அப்பா கொடுத்தது என்றால் அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெய்வேலியில் வேலை செய்யும் பெண்: எனக்கே மாதம் 90,000 ரூபாய் சம்பளம். அதைச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாதா அக்கா?

அங்கே போனபின் இந்த வேலை இருக்குமா? இருக்காது இல்லையா, அதனால் சேராது. வரப்போகிறவரின் வருமானம், அவர் அங்கே குடியேறிய பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வந்தால்தான் கணக்கில் வரும். உங்கள் சேமிப்பு வேறு விஷயம், அது சொத்து. சம்பளத்தை விட்டுவிடுங்கள், சேமிப்பைக் காட்டுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: என் பையன் அமெரிக்காவில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். வருடம் லட்சம் டாலருக்கு வியாபாரம். ஆனால் போதாது என்கிறார்களே?

வியாபாரம் லட்சம் இருக்கலாம் அம்மா. வரிக் கணக்கில் செலவெல்லாம் கழித்தபின் மிஞ்சியது எவ்வளவு? அதைத்தான் பார்ப்பார்கள். வரி குறையட்டும் என்று கார், செல்போன், வீட்டில் ஓர் அறை எல்லாவற்றையும் கடைச் செலவில் எழுதிவிட்டு, லாபம் 15,000 என்று காட்டியிருப்பான். அந்த 15,000-தான் இப்போது அவன் வருமானம். நானே அப்படி எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்தை நினைத்து யாரும் வரிக் கணக்குப் போடுவதில்லை.

வழி மூன்று. பழைய கணக்கைத் திருத்தலாம், ஆனால் உண்மையிலேயே தப்பாக எழுதிய செலவுகளை மட்டும்தான் எடுக்க முடியும், கூடுதல் வரியையும் கட்ட வேண்டும். அடுத்த வருடக் கணக்கை நேராகப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். இல்லையென்றால் ஜாயின்ட் ஸ்பான்சர், அதாவது அவனோடு சேர்ந்து பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் இன்னொருவரைத் தேடலாம்.

அதே அம்மா: ஜாயின்ட் ஸ்பான்சர் சொந்தக்காரராகத்தான் இருக்கணுமா? சிகாகோவில் என் தம்பி இருக்கிறான், ஆனால் தயங்குகிறான்.

சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பிய குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ, அமெரிக்காவில் குடியிருப்பவராக இருந்தால் போதும். ஆனால் உங்கள் பையன் வருமானத்தோடு அவர் வருமானத்தைக் கூட்டிக்காட்ட முடியாது. தம்பி தனியாகவே தொகையை எட்ட வேண்டும். அவர் வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் உங்கள் மருமகளோடு ஐந்து பேர். 47,062 டாலர் வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து ஒரே வரிக் கணக்குப் போட்டிருந்தால் அதில் தம்பி சம்பாதித்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். மனைவியின் சம்பளமும் வேண்டுமென்றால் அவரும் ஐ-864ஏ என்ற தனிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தம்பி போடுகிறார் என்பதற்காக உங்கள் பையன் தப்பித்துவிட முடியாது. வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் அவனும் தன் படிவத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

தம்பி தயங்குவதில் நியாயம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இது சும்மா சாட்சிக் கையெழுத்து இல்லை, அமெரிக்க அரசோடு போடும் ஒப்பந்தம். வந்தவர், வருமானம் பார்த்துத் தரும் அரசு உதவிகளை வாங்கினால், அந்தப் பணத்தை அரசு ஸ்பான்சரிடம் கேட்கலாம். வந்தவரே கோர்ட்டுக்குப் போய்ப் பராமரிப்புத் தொகை கேட்கவும் முடியும். இது எப்போது முடியும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வந்தவர் குடிமகன் ஆனால் முடியும். அவர் கணக்கில் 40 காலாண்டு வேலை சேர்ந்தால் முடியும், அது சாதாரணமாகப் பத்து வருடம். கிரீன் கார்டை விட்டுவிட்டு நாட்டைவிட்டே போய்விட்டால், அல்லது இருவரில் ஒருவர் இறந்தால் முடியும். விவாகரத்து ஆனால்? முடியாது. இங்கே மாடியில் இதைச் சொன்னதும் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் மெதுவாக, "தாலி அறுந்தாலும் கையெழுத்து அறாதா?" என்றார். ஆமாம், அறாது.

என் சொந்தக் கதையையும் சொல்கிறேன். ஒரு தோழியின் கணவருக்கு ஜாயின்ட் ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டேன். நாலு வருடம் கழித்து என் அம்மாவை அழைக்க நானே படிவம் நிரப்பியபோது, வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் எங்கள் வீட்டு ஆட்களை மட்டும் எண்ணினேன். முன்பு ஸ்பான்சர் செய்து, பொறுப்பு இன்னும் முடியாதவர்களையும் அதில் எண்ண வேண்டும். கோப்பு திரும்பி வந்து, இரண்டு மாதம் போயிற்று. ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டவள், என் வீட்டுத் தலையை எண்ணத் தெரியாமல் நின்றேன். வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் புது விலாசம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் தம்பியிடம் சொல்லிவையுங்கள், இது பலருக்கு மறந்தே போகிறது.

நெல்லிக்குப்பம் தம்பி ஒருவர்: ஒரு ஏஜென்ட் ஐந்து லட்சம் கொடுத்தால் ஸ்பான்சர் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார்.

வேண்டாம். பொய் சொன்னால் தண்டனை என்று எழுதிய இடத்தின் கீழேதான் கையெழுத்தே போடுகிறார்கள். முகம் தெரியாத ஆள் எதற்காகப் பத்து வருடப் பொறுப்பை ஏற்கிறார் என்று மும்பையில் அமெரிக்க விசா நேர்காணலில் கேட்டால் உங்கள் மனைவி என்ன சொல்வார்?

புதுச்சேரியில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகன்: ஏழு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். மனைவி வில்லியனூர்க்காரி. இப்போது இருவரும் போகலாம் என்று இருக்கிறோம்.

உங்களுக்கு முதல் சிக்கல் குடியிருப்பு. ஸ்பான்சர் அமெரிக்காவில் குடியிருக்க வேண்டும், அல்லது மனைவி வந்து இறங்கும் நாளுக்குள் அங்கே மறுபடி குடியேறுவேன் என்று காட்ட வேண்டும். அங்கே வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலைக்கான கடிதம், வாக்காளர் பதிவு, இப்படி எது இருக்கிறதோ சேர்த்துவையுங்கள். மனைவியை முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் போக முடியாது. கூடவே போகலாம், முன்னாலும் போகலாம்.

இரண்டாவது, வரி. வெளிநாட்டில் இருந்தாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானம் வந்தால் குடிமகன் அமெரிக்க வரிக் கணக்குப் போட வேண்டும். ஏழு வருடமாகப் போடவில்லை என்று தலையைச் சொறிகிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. போட வேண்டியிருந்தும் விட்ட கணக்குகளை இப்போதாவது போடுங்கள். படிவத்தோடு கடைசி ஒரு வருடக் கணக்கு கட்டாயம். அமெரிக்க வரித் துறை தரும் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது போட்ட கணக்கின் விவரத் தாள், இலவசமாகவே கிடைக்கும், அதைக் கொடுத்தால் நகல் எடுக்கிற வேலை மிச்சம். இங்கேயுள்ள சம்பளம் நின்றுபோகும் என்றால் ஜாயின்ட் ஸ்பான்சரை இப்போதே பார்த்து வையுங்கள்.

வில்லியனூர் ஆசிரியை: என் கணவர் லெஸ்டரில் 25,000 பவுண்டு சம்பாதிக்கிறார். மாமனார் பணம் தருவதாகச் சொல்கிறார். என் பெயரில் இங்கே வாடகைக்கு விட்ட வீடு ஒன்றும் இருக்கிறது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டு வேண்டும். அதற்கு முன் பன்னிரண்டு வருடம்போல் 18,600 இருந்தது, ஒரே நாளில் இந்தத் தாவல். அங்கே ஜாயின்ட் ஸ்பான்சர் வழி இல்லை. நீங்கள் இங்கிருந்து விண்ணப்பிக்கும்போது உங்கள் ஆசிரியர் சம்பளமும் சேராது.

சேமிப்பால் ஈடுகட்டலாம். குறைவது 4,000 பவுண்டு. அதை இரண்டரையால் பெருக்கினால் 10,000, அதோடு 16,000 கூட்டினால் 26,000 பவுண்டு. முப்பது லட்சத்தை ஒட்டிய தொகை. வெறும் சேமிப்பை மட்டுமே காட்டினால் 88,500 பவுண்டு. மாமனார் தரலாம், ஆனால் கடனாகத் தரக்கூடாது. உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ ஆறு மாதம் கணக்கில் இருக்க வேண்டும்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரில் வில்லியனூரில் வாடகைக்கு விட்ட வீடு இருக்கிறது என்றீர்களே, அந்த வாடகை கணக்கில் சேரும். நீங்கள் குடியிருக்கும் வீடாக மட்டும் இருக்கக்கூடாது. பத்திரம், வாடகை ஒப்பந்தம், 12 மாத வங்கி விவரம் வேண்டும். மாதம் 12,000 ரூபாய் வந்தால் வருடத்துக்கு 1,200 பவுண்டை ஒட்டி வரும். அதனால் குறைவு 4,000-லிருந்து 2,800-ஐ ஒட்டி இறங்குகிறது, தேவையான சேமிப்பு மூவாயிரம் பவுண்டு குறைகிறது. வாடகையைக் கையில் ரொக்கமாக வாங்குவதை இந்த மாதமே நிறுத்திவிடுங்கள்.

முத்தியால்பேட்டைப் பெண்: எங்கள் வீட்டு மாப்பிள்ளை சொல்தா குடும்பம் (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள் வழி), பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிஸில் வேலை இல்லாமல் இருக்கிறார். விசா மறுப்பார்களா?

குடிமகனின் மனைவிக்கு இவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற வரம்பு பிரான்சில் இல்லை. உங்களுக்கு முக்கியம் எத்தா சிவில் என்ற குடிப்பதிவு. இங்கே நடந்த கல்யாணத்தைப் பிரெஞ்சுக் குடிப்பதிவில் ஏற்ற வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே கான்சலேட்டில் தகுதிச் சான்று வாங்கியிருந்தால் அது சீக்கிரம் நடக்கும்.

பிரான்சில் இருந்தும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கதை வேறு. அவர் சாதாரணமாக 18 மாதம் அங்கே சட்டப்படி இருந்திருக்க வேண்டும். கடந்த 12 மாதச் சராசரி வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளமான ஸ்மிக் அளவாவது இருக்க வேண்டும். வீட்டின் அளவையும் பார்ப்பார்கள்.

சிதம்பரத்திலிருந்து: கனடா எப்படி?

மனைவியோ கணவனோ மட்டும் என்றால் வருமான வரம்பு பொதுவாக இல்லை. ஸ்பான்சர் ஊனம் தவிர வேறு காரணத்துக்கு அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கக்கூடாது. மூன்று வருடம் பொறுப்பு, அதிலும் விவாகரத்து விடுதலை தராது.

லால்பேட்டை பாய் ஒருவர்: துபாய்க்கு?

4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000-மும் கம்பெனி தரும் வீடும். அங்கே பெரும்பாலும் தாமதம் சம்பளத்தால் வருவதில்லை, கல்யாணச் சான்றிதழில் முத்திரை வாங்குவதால் வருகிறது. ஜமாத் பதிவேட்டோடு நின்றுவிடாமல் சார்பதிவாளரிடம் பதிவு செய்துவிடுங்கள். திருவந்திபுரத்தில் தாலி கட்டிக் கோயில் ரசீதோடு வந்தவர்களுக்கும் இதே பதில்தான்.

கடைசியாக, படியிறங்கும்போது ஒரு புதுப்பெண்: அவர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், அவர் போட்ட படிவத்தைக் காட்டவில்லை. கேட்கலாமா ஆன்ட்டி?

கேளும்மா. மும்பைக்கு நேர்காணலுக்குப் போகிறவள் நீ. அந்தப் படிவமும் வரிக் கணக்கும் உன் கோப்பில்தான் ஏறுகின்றன. அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதினார் என்பது தெரியாமல் ஜன்னலுக்கு முன்னால் நிற்காதே. விவாகரத்து ஆனாலும் முடியாத ஒப்பந்தம் என்று மேலே சொன்னேனே, அதில் பாதுகாக்கப்படுகிறவள் நீதான். ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து, ஒரு செட்டை உன் அம்மா வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போ.