தேன்சிட்டும் வல்லூறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் மாதுளையில் தேன்சிட்டு கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. சிலந்தி, புழு அண்டாமல் மரத்துக்கு மருந்தடித்துச் சுத்தமாக வைத்திருந்தோம். நேற்று ஒரு வல்லூறு ஆண் சிட்டைத் தூக்கிச் சென்றுவிட்டது. மகள் சாப்பிடாமல் அழுகிறாள். இவ்வளவு மென்மையான உயிரையும் அவ்வளவு கொடிய உயிரையும் இயற்கை ஏன் படைத்தது? வல்லூறு மறுபடி வந்தால் கவணால் அடிக்கலாமா? நல்ல பைனாகுலர் ஒன்றும் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

மகள் அழட்டும், தடுக்காதீர்கள். சிட்டுக்காக அழத் தெரிந்த பிள்ளை வாய்த்திருக்கிறாள். கவணைத் தொடாதீர்கள், வல்லூறு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை. பைனாகுலரைக் கடையில் கண்ணில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எனக்குக் கோபம் அந்த மருந்தின் மேல்தான். தேன்சிட்டு குஞ்சுக்குத் தேனையா ஊட்டுகிறது? சிலந்தியையும் சிறு பூச்சியையும் கொத்தி வந்து ஊட்டுகிறது. தேனில் இருப்பது சர்க்கரை. சதை வளரப் புரதம் வேண்டாமா? நாரையும் சருகையும் பிணைத்துக் கூடு கட்டுவதற்கும் சிலந்தி நூல்தான் வேண்டும். பத்து சென்டிமீட்டர்கூட இல்லாத பறவை. ஆனால் சிலந்திக்கு அதுதான் வல்லூறு.

எங்கள் அப்பத்தா பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது மாட்டுக்கொட்டகை மூலையை மட்டும் விட்டுவிடுவார். கம்போடு நான் அந்தப் பக்கம் போனால் திட்டு விழும். "அது சிட்டுக்கு, வை கம்பை!" எழுதப் படிக்கத் தெரியாதவர். சிட்டு வந்து நூலைப் பிய்த்துக்கொண்டு முருங்கைக்குப் பறப்பதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

மென்மை, கொடுமை என்று நீங்கள் கிழிக்கும் கோடு பறவைகளிடம் இல்லை. கீச்சான் பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. வளைந்த அலகால் வெட்டுக்கிளியையும் பல்லியையும் கொன்று முள்ளில் குத்தி வைக்கும். ராஜாளிகள் (ஆங்கிலத்தில் ஃபால்கன்) கழுகைவிடக் கிளிக்கும் குருவிக்கும் நெருங்கிய சொந்தம் என்று 2008-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வல்லூறும் ஓணான், பல்லி, பூச்சி என்று கிடைத்ததைத் தின்று பிழைக்கிறது.

அது ஒரு சிட்டை எடுத்தது. நீங்கள் அந்த மரத்தின் சிலந்திகளை எல்லாம் எடுத்துவிட்டீர்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஊட்ட வேண்டிய குஞ்சுகளுக்கு இனி தாய் ஒன்றுதான். அது இரை தேடி எங்கே போகும்? குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இன்றைக்கே அந்தத் தெளிப்பானைத் தூக்கிப் பரணில் போடுங்கள். நாலு மாதுளையில் புழு விழுந்தால் விழட்டும்.