உட்கார்ந்து அளவெடுங்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்து ஒன்றில் முப்பது வருடங்களாகப் பெண்களுக்கு மட்டும் தைத்துக் கொடுக்கும் தையல்கார அம்மா, உடம்பை இறுக்கிப் பிடிக்கிற உள்ளாடையான ஷேப்வேர் பற்றி வாசகியர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் தருகிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டவர்களுக்கு ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். எனக்கு வயது 49. இடுப்பு 44 இன்ச், சீட் (பின்பக்கச் சுற்றளவு) 50. பட்டுச்சேலை உடம்போடு படிந்து நிற்கட்டும் என்று மகள் ஃபோனில் ஆர்டர் போட்டு பாவாடைக்குப் பதிலாகப் போடுகிற ஒரு சேலை ஷேப்வேர் வாங்கித் தந்தாள். டபுள் எக்ஸெல். நின்றால் அழகாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் மேல்பட்டி சுருண்டு வயிற்று மடிப்புக்குள் போய்விடுகிறது, மூச்சு முட்டுகிறது. "லூசா இருக்கிறதாலதான் சுருளுது, ஒரு சைஸ் குறைச்சு வாங்குவோம்" என்கிறாள். வாங்கலாமா?
— திருமங்கலம்

வாங்காதீங்க தங்கச்சி. பட்டி சுருளுவது பெரும்பாலும் இறுக்கத்தால்தான். உட்காரும்போது நம் வயிறு முன்னால் வரும். அந்த அளவுக்குப் பட்டி இழுபட்டுக் கொடுக்கணும். அப்படிக் கொடுக்க அதில் துணி இல்லையென்றால், உடம்பில் எங்கே சிறுத்த இடம் இருக்கோ அங்கே ஓடிவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சிறுத்த இடம் மடிப்புக்குள்தான். இன்னும் ஒரு சைஸ் குறைத்தால் இன்னும் சீக்கிரம் ஓடும்.

நான் அளவெடுக்கும்போது என் நோட்டில் ஒவ்வொருத்தருக்கும் இரண்டு எண் எழுதுவேன். நின்றால் ஒன்று, முக்காலியில் உட்கார்ந்தால் ஒன்று. நின்றால் 44 இருக்கிற இடுப்பு உட்கார்ந்தால் 46, 47 என்று வரும். சீட்டும் அப்படித்தான், அகலும். கம்பெனிக்காரங்க அட்டவணை நின்று எடுத்த அளவுக்குப் போட்டது. கல்யாண வீட்டில் பொண்ணோட அம்மா எவ்வளவு நேரம் நிற்கப் போகிறாள்? தாரை வார்க்க மணவறையில் உட்காரணும், ஆரத்திக்கு எழுந்திரிக்கணும், சம்பந்தி வீட்டாரைப் பந்தியில் உட்கார வைத்துக் குனிந்து குனிந்து கவனிக்கணும். அதனால் உட்கார்ந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்க.

வீட்டிலேயே எடுக்கலாம். இன்ச் டேப்பை வழக்கமாகச் சேலை சொருகுகிற இடத்தில் சுற்றணும். சிலர் தொப்புளுக்கு மேலே கட்டுவாங்க, சிலர் கீழே. டேப்புக்குள் ஒரு விரல் விட்டுக்கோங்க. வயிற்றை உள்ளே இழுக்காதீங்க. அளவு எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாத பெண்ணை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கேன். "விடு தாயி, மூச்சை விடு, அப்புறம்தான் எழுதுவேன்" என்பேன். சீட்டுக்குப் பின்பக்கம் எங்கே அதிகமாக அகலமோ அங்கே. தொடைக்கு மேல்தொடை. சேலை ஷேப்வேருக்கு முதலில் சீட் அளவைப் பொருத்திப் பாருங்க, இடுப்பு அதற்குப் பிறகுதான். இரண்டு சைஸுக்கு நடுவே வந்தால் பெரியதை எடுங்க. எக்ஸெல், டபுள் எக்ஸெல் என்கிற எழுத்தை நம்பவே வேண்டாம். இரண்டு கம்பெனியின் டபுள் எக்ஸெல்லை என் வெட்டுமேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்துப் பார்த்தேன். இடுப்பில் நாலு விரல்கடை வித்தியாசம்! இன்ச் கணக்கு போட்ட அட்டவணை எதில் இருக்கோ அதை மட்டும் வாங்குங்க.

வெட்டையும் பாருங்க. முழங்காலுக்குக் கீழே மீன்வால் மாதிரி விரிகிற வெட்டு நிற்பதற்கு நல்லாயிருக்கும். ஆனால் முழங்கால் இடம் ஒடுக்கமாக இருந்தால் மண்டபத்துப் படி ஏற முடியாது, டவுன் பஸ்ஸில் கால் தூக்கி வைக்க முடியாது, சம்மணம் போடவே முடியாது. பக்கத்தில் முழங்கால் உயரத்துக்காவது திறப்பு விட்டது வேணும். இடுப்பில் எலாஸ்டிக்கோடு நாடாவும் கோத்திருக்கணும். பட்டுச்சேலையின் கொசுவம் அவ்வளவும் அந்த ஒரு இடத்தில்தான் தொங்கும். வெறும் எலாஸ்டிக் சாப்பாட்டு நேரத்துக்குள் கீழே இறங்கிவிடும்.

வயிற்றையும் சேர்த்துப் பிடிக்கட்டும் என்று மார்புக்குக் கீழ்வரை வருவதை வாங்க நினைப்பீங்க. சேலைக்கு அது சரிப்படாது. பிளவுஸுக்கும் கொசுவத்துக்கும் நடுவே தெரியும். அதைவிட முகூர்த்தப் பிளவுஸின் நீளத்தை ஒன்றரை இன்ச் கூட்டித் தைக்கச் சொல்லுங்க. பக்கவாட்டு மடிப்பு பிளவுஸுக்குள் அடங்கும். நீங்க கேட்கிற அழகில் பாதி அதிலேயே வந்துவிடும்.

இன்னொன்று. லைக்ரா என்கிற இழுபடும் துணியில் ஊக்கு குத்தினால் ஓட்டை விழும், அந்த ஓட்டை இழுபட்டுக் கோடாக ஓடும். அதனால் முன்பக்கப் பட்டியின் உள்ளே, கொசுவம் வருகிற இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பருத்தி நாடாவை இரண்டு முனையிலும் மட்டும் பிடித்துத் தைத்துக்கோங்க. நடுவில் லேசாகத் தொளதொளவென்று விடணும், இல்லையென்றால் பட்டி இழுபடாது. ஊக்கை அந்த நாடாவையும் சேர்த்துக் குத்துங்க. நான் தைத்துக் கொடுக்கிற எல்லாவற்றிலும் இது இருக்கும்.

கல்யாணத்தன்று முதல் தடவையாகப் போடாதீங்க. ஒரு வாரம் முன்னாடி சாயங்காலம் இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு வீட்டு வேலை பாருங்க. தரையில் உட்கார்ந்து எழுந்திருங்க, சாப்பிடுங்க, பாத்ரூமுக்கும் போய்ப் பாருங்க. குளித்த ஈரத்தோடு ஏற்றினால் பாதியில் மாட்டிக்கொள்ளும். நன்றாகத் துடைத்துவிட்டுக் காலில் இருந்து ஏற்றுங்க. துணி இழுபட்டு வெளுப்பாகப் பளபளத்தால் சின்னது. கழற்றினபின் தோலில் பட்ட தடம் கொஞ்ச நேரத்தில் மறையணும். நெஞ்செரிச்சல் வந்தாலும், தொடையின் வெளிப்பக்கம் மரத்தாலும், எறும்பு ஊர்வது மாதிரி இருந்தாலும் உடனே கழற்றிடுங்க. இடுப்பு ஓரமாக வந்து தொடைக்கு இறங்குகிற நரம்பை இறுக்கமான துணி அமுக்கினால் தொடை அப்படி மரத்துப்போகும். டாக்டர்கள் அதை மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்பார்கள்.

முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்ததும் அறைக்குப் போய்ச் சாதாரணப் பாவாடைக்கு மாறிடுங்க. வைகாசி வெயிலில் நைலான் துணியை ராத்திரி வரவேற்புவரை இழுக்க வேண்டாம்.

பெரிய சைஸ் கேட்டால் கடையில் ஒருமாதிரி பார்க்கிறார்கள். போட்டுப் பார்க்கவும் விடுவதில்லை, மாற்றியும் தருவதில்லை. எப்படித்தான் வாங்குவது?
— வாடிப்பட்டி

உங்க கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் அண்ணன் மகன் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. ஒரு பெரிய கடையில், சுற்றி நாற்பது பேர் நிற்கும்போது, கவுண்டரில் இருந்த பையன் பரணில் இருந்தவனைப் பார்த்து என் இடுப்பு அளவைச் சத்தமாகச் சொல்லி, "இந்த அம்மா சைஸுக்கு ஏதாச்சும் கிடக்கா?" என்று கேட்டான். ஒன்றும் வாங்காமல் இறங்கிட்டேன். பத்துத்தூண் சந்து தாண்டும்வரை கண்ணில் தண்ணி நிற்கலை. அன்றிலிருந்து என் கடையில் யார் அளவையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நோட்டில் எழுதி, நோட்டை அவங்க பக்கம் திருப்பிக் காட்டுவேன். புது மண்டபத்தில் மிஷின் போட்டிருந்த எங்க அப்பா, "துணியைத்தான் உடம்புக்கு வெட்டணும்" என்பார். உடம்பைத் துணிக்கு ஏற்ற மாதிரி குறை சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் உரிமை இல்லை.

சரி, வாங்குகிற வழி. கூட்டமில்லாத நேரம் போங்க: செவ்வாய், புதன், காலை பதினோரு மணி மாதிரி. பெண் விற்பனையாளர் இருக்கிற கடையாகப் பாருங்க. சொந்த டேப்பைப் பையில் வைத்துக்கோங்க. பில் போடுவதற்கு முன்னாடியே "பிரிக்காமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவீங்களா" என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்க. போட்டுப் பார்க்க விடாவிட்டாலும் கையால் பார்க்கலாம். பட்டியை இரண்டு பக்கமும் பிடித்து, உங்க உட்கார்ந்த அளவில் பாதி வரும்வரை டேப்போடு சேர்த்து இழுங்க. சுலபமாக வந்தால் எடுங்க. கை நடுங்க இழுத்தால்தான் வருகிறது என்றால் வைத்துவிட்டு வந்திடுங்க. தொடை முடிகிற இடத்தில் வழவழவென்று சிலிக்கான் பட்டை ஒட்டினது நம்ம ஊர் வியர்வைக்கு அரிக்கும். அகலமான துணிப்பட்டையாக எடுங்க. கவட்டைப் பகுதியில் உள்துணி பருத்தியாக இருக்கணும்.

வயது 63. பாவாடை நாடா கட்டுகிற இடம் கறுத்துத் தடித்துவிட்டது. அரிப்பும் இருக்கிறது. உடம்பு பெருத்ததால் இறுக்கிக் கட்டினால்தான் சேலை நிற்கிறது. பேத்தி ஷேப்வேர் போடச் சொல்கிறாள்.
— உசிலம்பட்டி

அம்மா, இந்த வாரம் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் இரண்டு தடவை படித்தேன். முதலில் அந்த இடத்தை வெளிச்சத்தில் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்க. தோல் வெடித்திருந்தாலும், ஆறாத புண் இருந்தாலும், நீர் கசிந்தாலும், நாள் கடத்தாமல் மதுரைப் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்கு வாங்க. வருடக்கணக்காக ஒரே இடத்தில் நாடா உராய்ந்து, ஆறாத புண்ணாகி, அது புற்றுநோயாக மாறின இரண்டு பெண்களைப் பற்றி நம் நாட்டு டாக்டர்கள் 2024-ல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்கிற மருத்துவ இதழில் எழுதியிருந்தாங்க. இரண்டு பேருமே வயதானவங்க. அபூர்வமாக வருவதுதான், கறுத்த தடம் எல்லாம் அதுவாகிவிடாது. ஆனாலும் காட்டிடுங்க.

தோல் ஆறும்வரை அந்த இடத்தில் எதுவும் இறுக்கக் கூடாது, ஷேப்வேரும் கூடாது. வீட்டில் நைட்டி போதும். அப்புறம் பாவாடையை மாற்றித் தைக்கச் சொல்லுங்க. மூன்று விரல்கடை அகலத்துக்குப் பாப்ளின் பட்டி, முன்பக்கம் தட்டையாக, பின்பக்கம் மட்டும் அகல எலாஸ்டிக். கயிறு மாதிரி முறுக்குகிற நாடா வேண்டாம். தட்டை நாடாவை முடிச்சு ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் வருகிற மாதிரி கட்டுங்க. தினம் கட்டுவது சுங்குடியோ வேறு நூல் சேலையோ என்றால் பருத்திப் பாவாடைமேல் தானாகவே நிற்கும். வழுக்குகிற சிந்தெடிக் சேலைக்குத்தான் இறுக்கம் தேவைப்படுகிறது.

டீச்சர். 92 கிலோ. நடந்தால் தொடை உராய்ந்து எரிகிறது. ஷேப்வேர் போட்டால் சரியாகுமா?
— மேலூர்

உங்களுக்கு இறுக்கிப் பிடிக்கிறது தேவையே இல்லை. தொடைக்கு நடுவே ஒரு துணி இருந்தால் போதும். பருத்தியில் கொஞ்சம் லைக்ரா கலந்த, முழங்காலுக்கு நாலு விரல் மேலே முடிகிற ஷார்ட்ஸ் வாங்குங்க. காலோரம் சுருண்டு மேலே ஏறினால் நீளம் போதவில்லை அல்லது தொடை அளவு சின்னது. நாள் பூரா நின்று பாடம் எடுக்கிறவங்க. குறைந்தது மூன்று வைத்துக்கொண்டு தினம் மாற்றணும். வியர்த்த துணியையே மறுநாளும் போட்டால் படர்தாமரை வரலாம். ஏற்கெனவே வட்டமாகச் சிவந்து அரித்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு டியூபைப் பூசாதீங்க. ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அடக்கி, அப்புறம் இரண்டு மடங்காகக் கிளப்பிவிடும். தோல் டாக்டரைப் பாருங்க. வெறும் உராய்வு எரிச்சல்தான் என்றால் கிளம்பும் முன் வாசலின் தடவினால் போதும்.

சிசேரியன் ஆகி மூன்று மாதம். ஷேப்வேர் போட்டால் வயிறு குறையுமா?
— செல்லூர்

குறையாது கண்ணு. போட்டிருக்கும்வரை அமுக்கி வைக்கும், கழற்றினால் பழையபடிதான். தையல் போட்ட இடத்தின்மேல் பட்டி உட்காருவதால், பிரசவம் பார்த்த டாக்டரிடம் கேட்காமல் எதையும் இறுக்காதீங்க. குனிந்து பிள்ளையைத் தூக்கும்போது முதுகுக்குப் பிடிமானம் வேணும் என்றால் அதற்கென்று தனி பெல்ட் இருக்கு. அதையும் அவரே சொல்லட்டும்.

வாங்கின ஷேப்வேர் மூன்றே மாதத்தில் தொளதொளத்துவிட்டது. 900 ரூபாய்!
— அலங்காநல்லூர்

துவைக்கிற விதம்தான் காரணமாக இருக்கும். வெந்நீர், பிளீச்சிங், அயர்ன் மூன்றுமே லைக்ராவைக் கெடுக்கும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அலசுங்க. முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அமுக்குங்க. மொட்டைமாடி வெயில் வேண்டாம், வீட்டுக்குள் நிழலில் போடுங்க. கொடியில் பட்டியைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈர கனத்தில் நீண்டுவிடும். நடுவில் மடித்துப் போடணும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் எலாஸ்டிக்குக்கு ஓய்வு கிடைக்கும். இப்போது கையில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க: பட்டியை மட்டும் பிரித்துப் புது எலாஸ்டிக் வைத்துத் தரச்சொல்லி உங்க ஊர்த் தையல்காரரிடம் கொடுங்க, அரைமணி நேர வேலைதான்.