கல்லூரிகள் வியாபாரிகள் போலப் போட்டி போடுகின்றன. அப்படியானால் உயர்கல்வி எதற்கு?

நீங்கள் பிளஸ் டூ முடித்த பிள்ளையைப் பெற்றவர் என்று நினைக்கிறேன். தினமும் நாலு கல்லூரியிலிருந்து போன் வரும். அப்படிப் போன் செய்தவர்களில் நானும் ஒருவன். நாமக்கல் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஒன்பது வருடம் மெக்கானிக்கல் பாடம் நடத்தினேன்.

ஏப்ரல் வந்தால் ஆளுக்குப் பத்து அட்மிஷன் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் சம்பளம் நிற்கும். அப்படித்தான் பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறித் தொழிலாளி வீட்டுக்குப் போனேன். பஸ், ஹாஸ்டல், பிளேஸ்மென்ட், முதல் பட்டதாரி சலுகை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க சார், நாலு வருசம் முடிச்சா பையனுக்கு என்னங்க தெரிஞ்சிருக்கும்?” என்றார். அதுவரை போன எந்த வீட்டிலும் யாரும் அதைக் கேட்டதில்லை. தெர்மோடைனமிக்ஸ் நடத்துகிற எனக்கே வாய் வரவில்லை. “நல்ல வேலை கிடைக்குங்க” என்று சமாளித்தேன்.

பையன் சேர்ந்தான். மூன்றாம் வருடம், அப்பா ஓட்டும் தறியில் பேரிங் அடிக்கடி போகிறதே என்று அளந்து பார்த்து, சுழலும் தண்டான ஷாஃப்ட் நேராக உட்காராததுதான் காரணம் என்று கண்டுபிடித்தான். அப்பா இருபது வருடமாகப் பேரிங்கை மாற்றிக்கொண்டுதான் இருந்தார். ‘ஏன்’ என்று தேடிப் போகத் தெரிவதற்குத்தான் உயர்கல்வி என்று நான் நம்புகிறேன்.

சுயநிதிக் கல்லூரியே கூடாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அவற்றுக்குக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் நானே பொறியியல் படித்திருக்க மாட்டேன். நன்றாக நடத்துகிறவர்களும் உண்டு. கவுன்சிலிங்கில் இடம் நிரம்பாத கல்லூரிதான் ஆள் பிடிக்க ஆசிரியரைத் தெருவுக்கு அனுப்புகிறது. எங்கள் நிர்வாகம் மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்து ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் தொடங்கியது. நடத்த ஆள் இல்லை. பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியை முதல் நாள் இரவு படித்துவிட்டு மறுநாள் நானே வகுப்பெடுத்தேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டபோது என் ஒரிஜினல் சர்டிபிகேட்களைத் தர மறுத்தார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்னார்கள். எட்டு மாதம் அலைந்தேன். அதற்குள் கையில் வந்த இரண்டு வேலை போய்விட்டது. ஆசிரியரின் சான்றிதழை அடகுபோலப் பூட்டி வைக்கிறவர்கள் மாணவனுக்கு என்ன மரியாதை கொடுப்பார்கள்?

கல்லூரியைப் பார்க்கப் போனால் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மிஷின் ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே நிற்கும் ஆசிரியரிடம் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். அப்புறம் அந்த அப்பா கேட்டதையும் அவரிடமே கேளுங்கள்.