அப்பாவின் 800-ஐ விட்டுவிடலாமா?

கேள்வி: அப்பா 1999-இல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, இன்னும் ஓடுகிறது. 2024-இல் எஃப்.சி.யும் முடித்துவிட்டோம். புது கார் எடுக்கலாம் என்கிறான் மகன். அந்தக் காலத்துத் தகரம் கெட்டி, இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள் அம்மா.

காசிமேட்டில் நான் பட்டறை போட்டு முப்பது வருடம் ஆகிறது. எத்தனை 800-ஐப் பிரித்து மாட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். மழைத் தண்ணீர் பட்டு நின்றுபோனால் ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து மாட்டுவோம், பெரும்பாலும் கிளம்பிவிடும். புது வண்டிக்கு முதலில் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவி வேண்டும். அந்த விஷயத்தில் பழசுக்கு ஈடில்லை.

ஆனால் தகரம் கெட்டி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மொத்த வண்டியே சுமார் 650 கிலோதான். அதிலும் நம் பக்கம் கடல் காற்று. போன மாதம் ராயபுரத்திலிருந்து ஒரு 800 வந்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. டிரைவர் பக்கம் கால் வைக்கும் மேட்டைத் (mat) தூக்கினேன், ஈர வாடை. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தியதும் தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கி, ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் மண்ணால் அடைத்திருந்தன. சீட்டைத் தாங்கி நிற்பதே அந்தத் தகரம்தானே?

உங்கள் கணவர் பிளாஸ்டிக் என்பது பம்பரை. இடிபட்டால் முன்பக்கம் மடங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்காரும் கூடு மடங்கக் கூடாது. இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் கார்களில், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் கட்டாயம். 2022-லிருந்து முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் போகும் கண்டெய்னர் லாரி சட்டென்று நின்றால், ஈர ரோட்டில் 800-இன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் வண்டி திரும்பாது. ஏபிஎஸ் இருந்தால் பிரேக்கை மிதித்தபடியே ஒதுக்கிவிடலாம்.

அப்பா வண்டியை விற்க மனசு வராது, புரிகிறது. மேட்டைத் தூக்கிப் பாருங்கள். தகரம் நன்றாக இருந்தால், கதவுத் துளைகளைக் கம்பியால் குத்திவிட்டு, அடியில் கோட்டிங் அடித்து, பக்கத்து மார்க்கெட் வரை ஓட்டிக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு பொன்னேரி போவது புது வண்டியில் இருக்கட்டும்.