அப்பாவின் படம் எவ்வளவு பெரிதாகும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா காலமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. ஆண்டு திதிக்குள் அவருடைய படத்தை 16×20 அங்குல அளவில் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். அவர் இயல்பாகச் சிரித்தபடி இருக்கும் ஒரே படம், அக்கா மகள் கல்யாணத்தில் யாரோ செல்பேசியில் எடுத்த குடும்பப் படம். அது வாட்ஸ்அப்பில்தான் எனக்கு வந்தது. அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் கலங்கிப் போகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்தால் தெளிவாகிவிடும் என்கிறான் தம்பி. செய்யலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: செயலிக்குப் போவதற்கு முன், அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள். உங்கள் கையில் இருப்பது மூலப்படம் அன்று. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்படும் படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1,600 பிக்சலுக்கு (படத்தை உருவாக்கும் நிறப் புள்ளிகளுக்கு) குறைக்கப்பட்டு, அதற்கு மேல் ஒருமுறை அழுத்திச் சுருக்கவும் படுகிறது. படக் கோப்புகளைச் சேமிக்கப் பயன்படும் ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், மிகையாகச் சுருக்கிய படத்தைப் பெரிதாக்கும்போது அந்தச் சதுரங்களின் ஓரங்களும் சேர்ந்து பெரிதாகிக் கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். எடுத்தவரின் செல்பேசியில் அசல் இன்னும் இருந்தால், அதை 'டாக்குமெண்ட்' ஆகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் ஒரு பிக்சலும் குறையாது.

இதனால் என்ன கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உங்களிடம் உள்ள 1,600×1,200 பிக்சல் படத்தில் அப்பாவின் தலையும் தோளும் அடங்கிய பகுதி 500×625 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 16×20 அங்குலத்துக்கு விரித்தால் ஓர் அங்குலத்துக்கு 31 பிக்சல்தான் தேறும். அசல் 12 மெகாபிக்சல் படமாக, அதாவது 4,000×3,000 பிக்சலாக இருந்தால், அதே பகுதி ஏறத்தாழ 1,250×1,560 பிக்சலாக இருக்கும். அங்குலத்துக்கு 78 கிடைக்கும். '300 இருந்தால்தான் பிரிண்ட் நன்றாக வரும்' என்று ஸ்டூடியோவில் சொல்வார்கள். அது கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கான கணக்கு. நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதன்படி ஒரு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்க அங்குலத்துக்கு 87 பிக்சலும், ஒன்றரை மீட்டரிலிருந்து பார்க்க 58 பிக்சலும் போதும். கூடத்துச் சுவரில், தலைக்கு மேலே மாட்டிய படத்தை அதைவிட நெருங்கி நின்று யாரும் பார்ப்பதில்லை. ஆகவே அசல் கிடைத்தால் 16×20 தாராளமாகப் போடலாம். 12×15 என்று முடிவு செய்தால் இன்னும் நிறைவாக வரும். அம்மாவிடம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள்.

அதற்குப் பின் பெரிதாக்கும் வேலை எளிது. ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற மென்பொருள்கள் புதுப் பிக்சல் ஒவ்வொன்றையும் அதைச் சுற்றியுள்ள பழைய பிக்சல்களின் நிறத்திலிருந்து கணக்கிட்டு நிரப்புகின்றன. பைலீனியர் முறை அண்டையிலுள்ள 4 பிக்சல்களைப் பார்க்கிறது. பைகியூபிக் 16 பிக்சல்களைப் பார்ப்பதால் வளைவுகள் மென்மையாக வரும். பத்துப் பத்து சதவீதமாகப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். இன்றைய மென்பொருளில் அதனால் கூடுதல் பயன் இல்லை, ஒரே தடவையில் செய்யுங்கள். கூர்மையாக்குவதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். முன்பே செய்தால் கூர்மைக் கோடுகளும் பெரிதாகி முடியைச் சுற்றி வெள்ளை விளிம்பாக நிற்கும். மெல்லிய மணற்பொரி போன்ற நாய்ஸைச் சிறிது சேர்த்தால் தோல் மெழுகுபோல் தெரியாது. முழுப் படத்தையும் அச்சிடுவதற்கு முன், கண்ணும் மூக்கும் வரும் பகுதியை மட்டும், இறுதி அளவிலேயே, ஒரு 4×6 தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பாருங்கள். சில ரூபாய்ச் செலவில் பெரிய ஏமாற்றம் தவிரும்.

இனி, தம்பியின் யோசனைக்கு வருகிறேன். அத்தகைய செயலிகள் ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்றவற்றைக் கொண்டு, உங்கள் படத்தில் இல்லாததை ஊகித்து வரைகின்றன. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பல்ஸ்' என்ற நிரலிடம் பராக் ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தந்தது. இன்றைய செயலிகள் பெரிதும் மேம்பட்டிருந்தாலும் அடிப்படை அதேதான். என் பாட்டியின் சிறிய படம் ஒன்றை அப்படிக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அவருடைய ஏழு கல் தோடு ஒற்றை வெள்ளை முத்தாகியிருந்தது. இடது கன்னத்து மரு காணாமல் போயிருந்தது. முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை அடைத்துவிட்டிருந்தது. என் அம்மா அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்று கேட்டார். சட்டை, பின்னணி ஆகியவற்றுக்கு அந்தச் செயலியைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. முகத்தை மட்டும் தனி லேயரில், அதாவது மென்பொருளில் தனி அடுக்காக, வைத்து, அசலில் உள்ளபடியே சாதாரண முறையில் பெரிதாக்குங்கள். அசல் எங்கும் கிடைக்காவிட்டால், முகத்தை மட்டும் வெட்டாமல் அவர் அருகில் அம்மா நிற்பதையும் சேர்த்து 8×10 அளவில் அச்சிட்டு, படத்தைச் சுற்றி அகலமான வெள்ளை மவுண்ட் அட்டை வைத்துப் பெரிய சட்டத்தில் பொருத்தலாம். முகம் சிறிதாக இருந்தாலும் அது அவருடைய முகமாகவே இருக்கும்.

கேள்வி: என் கேமராப் படம் கணினியில் 72 டிபிஐ என்று காட்டுகிறது. லேபில் 300 கேட்கிறார்கள். எண்ணை 300 என்று மாற்றிக் கொடுத்தால் போதுமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. அந்த எண் கோப்பின் மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே, படத்தின் தரத்தை அது சொல்வதில்லை. 4,000×3,000 பிக்சல் படம் 72 என்ற கணக்கில் 55 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ளது. 300 என்ற கணக்கில் 13.3 அங்குல அகலமுள்ளது. இரண்டிலும் பிக்சல் அதேதான். ஃபோட்டோஷாப்பில் 'ரீசாம்பிள்' பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட்டு 300 என்று மாற்றினால், உங்கள் படம் எந்த அளவு வரை அந்தச் செறிவில் வரும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். குறியை எடுக்காமல் மாற்றினால் மென்பொருள் இல்லாத பிக்சல்களைப் புதிதாக நிரப்பும். கோப்பு பருக்கும், நுணுக்கம் கூடாது.

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு, செல்பேசியில் எடுத்த படத்தைக் கொண்டு 10×6 அடி ஃபிளெக்ஸ் அடிக்கலாமா?
– ஓர் ஆசிரியை, அறந்தாங்கி

பதில்: அடிக்கலாம். 4,000 பிக்சல் அகலத்தை 120 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 33 வரும். பதினைந்து அடி தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு 20 இருந்தாலே போதும். ஆனால் உங்கள் படம் 4:3 விகிதத்தில் இருக்கிறது, ஃபிளெக்ஸ் 5:3 விகிதத்தில் இருக்கிறது. மேலும் கீழுமாக மொத்தம் 600 பிக்சல் உயரத்தை வெட்டியாக வேண்டும். அதை நீங்களே வெட்டி 4,000×2,400 ஆக்கிக் கொடுங்கள். கடையில் அவசரத்தில் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் மேடையிலுள்ள பிள்ளைகள் எல்லாருடைய முகமும் அகன்று போகும்.