டிஸ்க்கை போட்டாச்சு, ஆனா பூட் ஆகல: இந்த வாரம் வந்த கேள்விகள்

முதல்லயே சொல்லிடறேன், பயாஸ்க்குள்ள, அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடற செட்டப்புக்குள்ள, எதையும் மாத்தறதுக்கு முன்னாடி அந்த ஸ்க்ரீனை போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. போன தடவையும் சொன்னேன். யாரும் கேக்கல.

கே: என் சிஸ்டம் ஆன் ஆகல, ஏதாவது வழி சொல்லுங்க.

என்ன சிஸ்டம், ஸ்க்ரீன்ல என்ன எழுத்து வருது, ஃபேன் சுத்துதா, பீப் சத்தம் கேக்குதா? ஒண்ணுமே எழுதலைன்னா நான் ஜோசியம்தான் பாக்கணும்.

கே: டிவிடில விண்டோஸ் போட்டேன், டிரைவ் சுத்துது, ஆனா நேரா ஹார்ட் டிஸ்க்லயே பூட் ஆகுது.

பூட் ஆர்டர்ல, அதாவது எந்த டிரைவ்லேர்ந்து முதல்ல ஸ்டார்ட் ஆகணும்ங்கற வரிசைல, டிவிடி முதல்ல இல்ல. ஒரு தடவை மட்டும் வேணும்னா பூட் மெனு போதும், டெல்லும் லெனோவோவும் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பின்னா எஸ்கேப் தட்டி எஃப்9. "பிரஸ் எனி கீ"ன்னு ஒரு வரி வரும், அஞ்சு செகண்ட் நிக்கும், அவ்வளவுதான். அதுக்குள்ள டீ குடிக்க போயிட்டா அது பாட்டுக்கு ஹார்ட் டிஸ்க்குக்கு போயிடும்.

கே: இன்ஸ்டால் பாதி ஆகி ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. மூணு தடவை ஆச்சு.

ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் அதே "எனி கீ" வரி வரும்போது கீயை தட்டறீங்க. தட்டாதீங்க.

கே: ஐஎஸ்ஓ டவுன்லோட் பண்ணி டிவிடில காப்பி பண்ணிட்டேன். கடைக்காரர் டிரைவ் போச்சுங்கறார், புதுசு வாங்கவா?

வாங்காதீங்க! இந்த ஒரு கேள்வி எனக்கு எத்தனை வருஷமா வருதுன்னு எண்ணவே முடியாது. ஐஎஸ்ஓங்கறது ஒரு முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா அடைச்சது, அதை காப்பி பேஸ்ட் பண்ணினா பூட் ஆகாது, ஆகவே ஆகாது. ஒருத்தர் என்கிட்ட ஒரு டிவிடி கொண்டு வந்தார், மேல மார்க்கர்ல விண்டோஸ் 7னு அழகா எழுதியிருந்தது, திருப்பி காட்டி "பாருங்க சார், கீழ வளையமா நிறம் மாறியிருக்கு, அப்ப எழுதியாச்சுதானே"ன்னார். எழுதியிருக்கு, வாஸ்தவம்தான். திறந்து பாத்தா உள்ள ஒத்தை ஃபைல், மூணு ஜிபி ஐஎஸ்ஓ, வேற ஒண்ணுமே இல்ல. நிறம் மாறினா ஏதோ எழுதியிருக்குன்னுதான் அர்த்தம், என்ன எழுதியிருக்குன்னு அது சொல்லாது. டிஸ்க்லேர்ந்து பூட் பண்ண எல் டொரிட்டோன்னு ஒரு முறை இருக்கு, 1995ல வந்தது, டிஸ்க்கோட 17வது செக்டார்ல பூட் ரெக்கார்டு இருக்கான்னு பயாஸ் தேடும், இருந்தா பூட், இல்லைன்னா அடுத்த டிரைவுக்கு போயிடும். நீங்க காப்பி பண்ணின டிஸ்க்ல அந்த ரெக்கார்டு ஐஎஸ்ஓ ஃபைலுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, அங்க போய் பயாஸ் பாக்காது. விண்டோஸ் 7லேர்ந்தே ஐஎஸ்ஓ மேல ரைட் கிளிக் பண்ணினா "பர்ன் டிஸ்க் இமேஜ்"னு ஒண்ணு இருக்கு, அதை அமுக்குங்க, ஸ்பீடு கம்மியா வைங்க. முடிஞ்சதும் டிஸ்க்கை திறந்தா பூட், சோர்ஸஸ்னு ஃபோல்டரும் செட்டப் ஃபைலும் தெரியணும். ஐஎஸ்ஓவே தெரிஞ்சா மறுபடி தப்பு. டிரைவை குறை சொன்ன கடைக்காரர் அந்த டிஸ்க்கை ஒரு தடவை திறந்தாவது பாத்தாரான்னு கேளுங்க.

கே: விண்டோஸ் 11 டிவிடில அடங்கல.

அடங்காது. 4.7 ஜிபின்னு போட்டிருந்தாலும் உள்ள கம்ப்யூட்டர் கணக்குல 4.4க்கும் கொஞ்சம் கம்மிதான், ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல. 8 ஜிபி பென் டிரைவ் எடுத்து ரூஃபஸ்னு பூட் ஆகற பென் டிரைவ் தயார் பண்ற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல போடுங்க, புது மெஷின்னா பார்ட்டிஷன் முறை ஜிபிடின்னு வைங்க. பென் டிரைவ்ல இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும், அப்புறம் வந்து அழாதீங்க.

கே: புது லேப்டாப்ல விண்டோஸ் 7 டிஸ்க் எடுக்கல.

நம்பிக்கையான கையெழுத்து இல்லாததை பூட் ஆக விடாத செக்யூர் பூட் தடுக்கும், பழைய பயாஸ் மாதிரி பூட் பண்ற லெகஸி மோடு இருக்காது, அதையும் தாண்டினா யூஎஸ்பி 3 டிரைவர் இல்லாம மவுஸ் வேலை செய்யாது. விட்டுடுங்க.

கே: தினமும் பூட் ஆர்டர் மாத்தறேன், மறுநாள் பழையபடி ஆயிடுது. தேதியும் தப்பா காட்டுது.

தேதியை நீங்களே சொல்லிட்டீங்களே! தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாத்தற சிமாஸ் பேட்டரி தீந்து போச்சு, சிஆர்2032ன்னு கேட்டு வாங்குங்க. அம்பது ரூபா வச்சுக்குங்க. மாத்தினா பயாஸ் செட்டிங் எல்லாம் ரீசெட் ஆகலாம், அதனால போட்டோ.

கே: பென் டிரைவ்ல பூட் ஆச்சு, ஆனா டிஸ்க்கே காட்டல. யூட்யூப் பாத்து விஎம்டியை ஆஃப் பண்ணினேன், இப்ப பழைய விண்டோஸும் வரல.

விஎம்டிங்கறது டிஸ்க்கை கையாள்ற இன்டெல் செட்டிங், அதுக்கான டிரைவர் விண்டோஸ் செட்டப்ல இல்லைன்னா டிஸ்க் தெரியாது. இன்டெல் 11வது ஜெனரேஷன்லேர்ந்து நிறைய லேப்டாப்ல இந்த கதைதான். விஎம்டியை திரும்ப ஆன் பண்ணுங்க, பழைய விண்டோஸ் பெரும்பாலும் வந்துடும், நடுவுல டிஸ்க்கை பூட்டி வைக்கற பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டா உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல தேடுங்க. அப்புறம் லேப்டாப் கம்பெனி சைட்லேர்ந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, அன்சிப் பண்ணி அதே பென் டிரைவ்ல போட்டு, செட்டப்ல "லோட் டிரைவர்" குடுங்க, டிஸ்க் தெரியும். எந்த மெனுல ஆஃப் பண்ணினோம்னு ஞாபகம் இல்லைன்னு வேற கடைசி வரில எழுதியிருக்கீங்க. போட்டோ எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.